அணை உடைத்த வீரமும் கணக்கில் வராத பெண்களும்

1943-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் தேதி இரவு, இங்கிலாந்தில் ஸ்காம்ப்டன் என்னும் விமானத் தளத்திலிருந்து 19 லங்காஸ்டர் விமானங்கள் கிளம்பின. விமானத்துக்கு ஏழு பேர் வீதம் மொத்தம் 133 பேர். பொழுது விடிந்து எண்ணிப் பார்த்தபோது 11 விமானங்களே திரும்பியிருந்தன. 53 பேர் மாண்டனர். மூவர் ஜெர்மானியர் கையில் சிக்கினர். மேற்கு ஜெர்மனியில் ரூர் தொழிற்பேட்டைக்குத் தண்ணீர் தந்த மோனே அணையும், அதற்குத் தென்கிழக்கே ஏடர் அணையும் அந்த ஓரிரவில் உடைந்தன.

இரண்டாவது உலக யுத்தத்தில் இதைப்போல் புகழ் பெற்ற விமானத் தாக்குதல் வேறு உண்டா என்பது சந்தேகமே. 1951-ல் இதைப் பற்றிப் புத்தகம் வந்தது. 1955-ல் சினிமாப் படம் வந்தது. அந்தப் படத்தின் அணிவகுப்பு இசையைப் பிரிட்டனில் இன்றைக்கும் விழாக்களில் வாசிக்கிறார்கள். இந்தப் புகழ் தகாத புகழ் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் புகழ்க் கணக்கில் 133 என்ற எண் இருக்கிறது, 53 என்ற எண் இருக்கிறது. வெள்ளத்தில் போனவர்கள் எத்தனை பேர், அவர்கள் யார் என்ற எண் மட்டும் பல காலம் ஓர் ஓரத்திலேயே கிடந்தது. அந்த எண்ணையும் சேர்த்துப் படித்தால்தான், அணைகளை யுத்தத்தில் இலக்காக்கலாமா கூடாதா என்ற கேள்விக்கு நேர்மையான பதில் கிடைக்கும்.

முதலில் வீரத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அதைக் குறைத்துப் பேசுவது அநியாயம்.

பார்ன்ஸ் வாலிஸ் என்பவர் விக்கர்ஸ் விமானக் கம்பெனியின் இன்ஜினீயர். மோனே அணை 40 மீட்டர் உயரம், 650 மீட்டர் நீளம் கொண்ட கருங்கல் கட்டுமானம். மேலே இருந்து சாதாரணக் குண்டு போட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது. தண்ணீருக்குள், சுவரை ஒட்டி வெடித்தால்தான் உடையும். தண்ணீருக்குள் டார்ப்பிடோ விடலாம் என்றால் ஜெர்மானியர் குறுக்கே இரும்பு வலை கட்டியிருந்தார்கள். வாலிஸுக்குத் தோன்றிய வழி, ஊர்ப் பிள்ளைகள் ஓட்டாஞ்சில்லைச் சாய்வாக வீசிக் குளத்து நீரின்மேல் தத்தித் தத்திப் போகவிடும் விளையாட்டுதான். வீட்டுத் தோட்டத்தில் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, தம் குழந்தைகளின் கோலிக் குண்டுகளை வைத்து அவர் முதல் சோதனையைச் செய்தார். முடிவில் உருவானது தார் பீப்பாய் போன்ற உருளைக் குண்டு. எடை நாலு டன்னுக்கு மேல். அதில் ஏறக்குறைய மூன்று டன் வெடிமருந்து.

இதைப் போடும் முறைதான் விசித்திரம். விமானத்தில் இருக்கும்போதே குண்டை நிமிஷத்துக்கு 500 சுற்று வீதம் பின்பக்கமாகச் சுழலவிட வேண்டும். சரியாக 60 அடி உயரத்தில், மணிக்கு 370 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து, அணைக்குச் சுமார் 400 மீட்டர் முன்னால் விட வேண்டும். குண்டு நீரின்மேல் துள்ளி, வலைகளைத் தாண்டிச் சுவரில் முட்டும். பின்பக்கச் சுழற்சியினால் சுவரோடு ஒட்டியபடியே கீழே இறங்கி, 30 அடி ஆழத்தில் வெடிக்கும். உயரம் பத்தடி கூடினாலும் குறைந்தாலும் காரியம் கெட்டது. அந்தக் காலத்து உயரமானிகள் இவ்வளவு நுட்பமாகக் காட்டா. ஆகவே விமானத்தின் அடியில் இரண்டு விளக்குகளைச் சாய்த்துப் பொருத்தினார்கள். இரண்டு வெளிச்ச வட்டங்களும் நீரின்மேல் ஒன்றையொன்று தொட்டால் 60 அடி என்று அர்த்தம். தூரம் பார்ப்பதற்குக் கருவி ஒரு முக்கோண மரத்துண்டும் இரண்டு ஆணிகளும். ஆணிகள் அணையின் இரு கோபுரங்களோடு நேர்கோட்டில் வந்ததும் குண்டை விட வேண்டியது.

எதிரியின் பீரங்கிகளுக்கு முன்னால், நிலா வெளிச்சத்தில், விளக்கைப் போட்டுக்கொண்டு நேர்க்கோட்டில் பறப்பது என்றால் என்ன என்று எண்ணிப் பார்க்கலாம். ராடார் கண்ணில் படாமலிருக்க வழி நெடுகத் தாழப் பறந்ததில், ஒரு விமானம் கடல்நீரிலேயே உரசிக் குண்டை இழந்து திரும்பியது. மின்சாரக் கம்பிகளில் மோதி விழுந்தவையும் உண்டு. அப்படி விழுந்த ஒன்றிலிருந்து வெடிக்காத குண்டு முழுசாக ஜெர்மானியர் கையில் கிடைத்துவிட்டது. பிரிட்டன் பொத்திப் பொத்திக் காத்த ரகசியம், பயன்பட்ட மறுநாளே ரகசியமில்லை என்று ஆயிற்று. அந்தக் குண்டை அதன் பிறகு யுத்தத்தில் ஒருபோதும் பயன்படுத்தவில்லை.

படைத் தலைவர் கை கிப்ஸனுக்கு வயது 24. மோனே அணைமீது முதலில் பாய்ந்தவர் அவரே. அவருடைய குண்டு சுவர்வரை போகவில்லை. இரண்டாவது விமானம் பீரங்கிக் குண்டு பட்டு எரிந்து விழுந்தது. அதன் பிறகு அவர் செய்ததுதான் பெரிது. அடுத்தடுத்து வந்த விமானங்கள் தாக்கப் போகும்போது, குண்டில்லாத தம் விமானத்தைப் பக்கத்திலேயே ஓட்டிப் போய், பீரங்கிகளின் கவனத்தைத் தம்மேல் இழுத்துக்கொண்டார். ஐந்தாவது விமானத்தின் குண்டுக்குப் பிறகு, நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குச் சற்று முன்னால், சுவர் விட்டது. அதற்கு ஒரு மணி நேரம் கழித்து, பீரங்கிக் காவலே இல்லாத, ஆனால் செங்குத்தான மலைகளுக்கு நடுவில் அமைந்த ஏடர் அணையும் உடைந்தது. மூன்றாவதான ஸோர்ப்பே மண் அணை. அது மேலே கொஞ்சம் சிதைந்ததோடு தாங்கிக்கொண்டது. கிப்ஸனுக்கு விக்டோரியா சிலுவை விருது கிடைத்தது. 1944 செப்டம்பரில், 26 வயதில், இன்னொரு தாக்குதலில் அவரும் மாண்டார்.

இவ்வளவும் படத்திலும் புத்தகத்திலும் உள்ள கதை. படம் பார்க்கிறவர் கண்ணில் அணை உடைகிறது, தண்ணீர் பாய்கிறது. பிறகு விமானங்கள் ஊர் திரும்புகின்றன. தண்ணீரோடு யாரும் கூடவே போவதில்லை.

தண்ணீர் போன வழி இது. மோனே அணையில் 77 மீட்டர் அகலத்துக்கு வாய் பிளந்தது. அந்தத் தேக்கத்தின் கொள்ளளவு 13 கோடி கன மீட்டருக்கு மேல். முதல் அலை பள்ளத்தாக்கில் மூன்று மாடி உயரத்துக்குச் சென்றது. அணைக்குக் கீழே ஹிம்மல்ஃபோர்ட்டன் என்ற இடத்தில் பழைய மாதா கோயில் ஒன்று இருந்தது. அங்கிருந்த பாதிரியார் ஊரை எழுப்ப மணியடித்தார். மணியோடு கோயிலும் அவரும் போனார்கள். வெள்ளத்துக்கு முன்னால் ஓடிய மோட்டார் வண்டிகளின் முன்விளக்குகள் தண்ணீருக்கடியில் நிறம் மாறி மங்கி அணைந்ததைக் கிப்ஸனே தம் நூலில் எழுதியிருக்கிறார்.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி நேஹைம் என்ற தொழில் நகரம். அதன் பக்கத்தில், ஆற்றங்கரைத் தாழ்வில், வேலி சூழ்ந்த மரக் கொட்டகைகள். அவற்றில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் படுத்திருந்தார்கள். பெரும்பாலும் உக்ரைன் நாட்டுப் பெண்கள். ரஷ்ய, போலிஷ் பெண்களும் இருந்தனர்.

இந்தப் பெண்கள் அங்கே எப்படி வந்தார்கள்? ஜெர்மன் ஆண்கள் யுத்த முனைக்குப் போய்விட்டதால் தொழிற்சாலைகளுக்கு ஆள் தட்டுப்பாடு. கைப்பற்றிய கிழக்கு நாடுகளிலிருந்து ஹிட்லர் அரசு லட்சக்கணக்கில் ஆட்களைக் கொண்டுவந்தது. ஆரம்பத்தில் நல்ல வேலை, நல்ல சம்பளம் என்று ஆசை காட்டிய விளம்பரம் இருந்தது. பிறகு ஊர் ஊராகச் சுற்றி வளைத்துப் பிடித்து ரயிலேற்றினார்கள். சட்டையின் மார்பில் 'கிழக்கு' என்பதற்கான எழுத்துகள் பொறித்த நீலத் துணி வில்லை தைத்திருக்க வேண்டும். முகாமை விட்டு இஷ்டம்போல் வெளியே போகக் கூடாது. விமானத் தாக்குதல் வந்தால் உள்ளூர்க்காரர் ஒதுங்கும் நிலவறைகள் பல ஊர்களில் இவர்களுக்கு மறுக்கப்பட்டன. கூலி என்று கொடுத்ததில் சாப்பாட்டுக்கும் இருப்பிடத்துக்கும் பிடித்ததுபோக மிஞ்சியது அற்பம். இவர்கள் பிழைக்கப் போனவர்கள்கூட அல்லர், பிடித்துப் போகப்பட்டவர்கள். ஆனாலும் வெளியூரில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லாமலே விளங்கும். எந்த ஊரிலும் வந்தேறித் தொழிலாளிக்குக் கொடுபடும் இடம், உள்ளூர்க்காரர் வீடு கட்ட விரும்பாத பள்ளமாகத்தான் இருக்கும்.

அணை உடைந்து அரைமணி நேரம்போல ஆனதும் தண்ணீர் அந்தப் பள்ளத்துக்கு வந்தது. கொட்டகைகள் அப்படியே பெயர்ந்து மிதந்து போய்ப் பாலத்தில் மோதிச் சிதறின. நேஹைமில் மட்டும் இறந்தவர் 800-க்கு மேல். அவர்களில் பாதிக்கு மேல் இந்த முகாம் பெண்கள். மோனே, ரூர் பள்ளத்தாக்குகள் முழுவதிலும் சேர்த்து மாண்டவர் சுமார் 1,300. அதில் 700-க்கு மேற்பட்டோர் அயல்நாட்டுத் தொழிலாளிகளும் போர்க் கைதிகளும். பிற்கால மதிப்பீடுகள் மொத்தச் சாவை 1,600 என்றும், அயல்நாட்டார் பங்கை இன்னும் அதிகம் என்றும் சொல்கின்றன. எப்படிப் பார்த்தாலும் அந்த இரவில் செத்தவர்களில் பெரும்பாலோர் ஜெர்மானியர் அல்லர். பிரிட்டனின் எதிரிகளும் அல்லர். பிரிட்டனோடு சேர்ந்து ஹிட்லரை எதிர்த்துக்கொண்டிருந்த சோவியத் நாட்டின் குடிமக்கள்.

இதற்குக் குற்றவாளி யார் என்றால், முதல் விரல் ஹிட்லர் அரசின் பக்கமே நீளும். அந்தப் பெண்களை அங்கே வைத்தது அந்த அரசு. அணைக்குக் கீழே பள்ளத்தில் கொட்டகை போட்டது அந்த அரசு. விமானிகளுக்கு நேஹைம் முகாமைப் பற்றி என்ன தெரிந்திருக்கும்? ஆனால் தாக்குதலைத் திட்டமிட்டவர்களின் நிலை வேறு. 13 கோடி கன மீட்டர் தண்ணீரை நள்ளிரவில் திறந்துவிட்டால் அது தொழிற்சாலையை மட்டும் பார்த்துப் போகாது என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. தண்ணீருக்குக் குறி வைக்கத் தெரியாது. குண்டு தப்பினால் தவறு என்று சொல்லலாம். அணை உடைந்தால் கீழே உள்ளவர்கள் சாவது தவறினால் அல்ல, அதுதான் அதன் வேலை.

யுத்தத்துக்கு இது அவசியம் என்பார்கள். லண்டனும் கவெண்ட்ரியும் எரிந்த பிறகு பிரிட்டனுக்கு யார் தர்மம் சொல்வது என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அப்படியானால் பயனையும் பார்த்துவிட வேண்டும். 125 தொழிற்சாலைகள் அழிந்தோ சிதைந்தோ போயின. 25 பாலங்கள் போயின. அமெரிக்கக் காங்கிரஸில் பேச நின்ற சர்ச்சிலுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு வெற்றி கிடைத்தது. யுத்தத்தில் மனத்தெம்பும் ஓர் ஆயுதம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ரூர் ஆலைகள் நின்றுவிடவில்லை. தண்ணீர் விநியோகம் சில வாரங்களில் பெரும்பாலும் சீராயிற்று. ஜெர்மன் ஆயுத மந்திரி ஷ்பேர் உடனே வந்து பார்த்து, பிரெஞ்சுக் கடற்கரையில் கோட்டை கட்டிக்கொண்டிருந்த ஆட்களில் ஆயிரக்கணக்கானோரை இங்கே திருப்பிவிட்டார். அவர்களிலும் ஏராளமானோர் அயல்நாட்டுக் கட்டாயத் தொழிலாளிகளே. செப்டம்பர் முடிவதற்குள், மழைக்காலத் தண்ணீரைப் பிடிக்கும்படி மோனே அணை மறுபடி எழுந்து நின்றது. சாரம் கட்டி வேலை நடந்த அந்த நாலு மாதமும் பிரிட்டிஷ் விமானங்கள் அந்தப் பக்கம் குண்டு போட வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஷ்பேரே பிற்காலத்தில் வியந்து எழுதினார். இவ்வளவு உயிரைக் கொடுத்து உடைத்ததைக் கட்டவிடாமல் தடுக்க யோசனையே இல்லை என்றால், அந்த அவசியத்தின் அளவு என்ன என்று கேட்கத்தானே தோன்றும்?

வாலிஸின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். திரும்பாத விமானங்களின் எண்ணிக்கை கேட்டு அவர் உடைந்துபோனார். யுத்தகாலக் கண்டுபிடிப்புகளுக்காக 1951-ல் அவருக்குக் கிடைத்த 10,000 பவுனைத் தாம் படித்த பள்ளிக்கே கொடுத்து, மாண்டுபோன விமானப் படையினரின் பிள்ளைகள் படிக்க வழி செய்தார். நல்ல மனிதர். உட்ஹால் ஸ்பா என்ற ஊரில் 617-வது விமானப் பிரிவினருக்காக 1987-ல் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. உடைந்த அணையின் வடிவத்திலேயே அதைக் கட்டி, இறந்தவர் பெயர்களை ஒவ்வொன்றாகப் பொறித்திருக்கிறார்கள். அதுவும் முறையே. அணை வடிவத்தில் கட்டிய கல்லில், அந்த அணையின் தண்ணீரில் போன பெண்களுக்கு ஒரு வரி இருந்திருந்தால் விமானிகளின் பெருமை ஒரு மாற்றுக் குறைந்திருக்காது.

உலகம் இதிலிருந்து ஒன்றும் படிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 1938-ல் ஜப்பானியரைத் தடுக்கச் சீன அரசே மஞ்சள் நதியின் கரையை உடைத்ததில் சொந்த மக்கள் பல லட்சம் பேர் மாண்டார்கள். 1953 மே மாதம் வட கொரியாவில் டோக்சான் பாசன அணையை அமெரிக்க விமானங்கள் உடைத்து நெல் வயல்களை மூழ்கடித்தன. இப்படிப்பட்ட அனுபவங்களுக்குப் பிறகுதான் 1977-ல் ஜெனீவா ஒப்பந்தங்களோடு சேர்த்த முதலாவது கூடுதல் உடன்படிக்கையில் 56-வது பிரிவு வந்தது. அணைகள், கரைகள், அணுமின் நிலையங்கள் ஆகியவை ராணுவ இலக்காகவே இருந்தாலும், உடைந்தால் பொதுமக்களுக்குப் பெரும் சேதம் வரும் என்றால் தாக்கக் கூடாது என்கிறது அது. விதிவிலக்கு உண்டு, ஆனால் குறுகியது. பிரிட்டன் 1998-ல் இதை ஏற்றபோது, அணைகள் பற்றிய பிரிவுக்கும் தன் பங்குக்கு ஒரு நிபந்தனையைச் சேர்த்துக்கொண்டது. பழைய ஞாபகம் போகவில்லை போலும். சட்டம் இருந்தால் போதாது என்பதும் தெரிந்ததே. 2023 ஜூன் 6-ஆம் தேதி, ரஷ்யப் படை வசம் இருந்த காகோவ்கா அணை உடைந்து, தெற்கு உக்ரைன் ஊர்கள் மூழ்கின. இரு நாடுகளுமே அந்த உடன்படிக்கையை ஏற்றவைதான். நேஹைமில் மூழ்கிய பெண்களின் பேரப்பிள்ளை வயதுள்ளவர்கள் கூரைமேல் ஏறிப் படகுக்குக் காத்திருந்தார்கள்.

இந்தியாவுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். அணை உடைந்தால் என்ன ஆகும் என்பது இந்த நாட்டுக்கு யுத்தம் இல்லாமலே தெரியும். 1961 ஜூலையில் பான்ஷெட் உடைந்து புனே நகரத்துக்குள் புகுந்த தண்ணீரையும், 1979 ஆகஸ்டில் மச்சு அணை உடைந்து குஜராத்தின் மோர்பியை அழித்த தண்ணீரையும் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரிய அணைகள் ஆயிரக்கணக்கில் உள்ள நாடு இது. அவற்றுக்குக் கீழே உள்ள நகரங்களில் ஆற்றோரக் குடிசைகளில் இருப்பவர் யார், எந்தெந்த மாநிலத்திலிருந்து வந்தவர் என்பதை எந்தத் தொழிலாளியும் சொல்லிவிடுவார். அப்படியிருந்தும் 1977 உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. பாகிஸ்தான் கையெழுத்திட்டது, உறுதி செய்யவில்லை. உள்நாட்டு விவகாரங்களில் வெளியார் தலையிட இடம் தரும் சரத்துகள் மீது ஆட்சேபம் இருக்கலாம். அதற்காக அணைகளின் பாதுகாப்பையும் சேர்த்துத் தள்ளி வைப்பது சரியல்ல. முழுவதையும் ஏற்க மனமில்லை என்றால், அண்டை நாட்டோடு இதை மட்டும் தனியே பேசி முடிக்கலாம்.

அதற்கு முன்மாதிரியும் இருக்கிறது. ஒருவர் அணுசக்தி நிலையங்களை மற்றவர் தாக்குவதில்லை என்று 1988 டிசம்பர் 31-ல் இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி முதல் தேதி, உறவு எவ்வளவு கெட்டிருந்தாலும், டில்லியும் இஸ்லாமாபாத்தும் தங்கள் நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொண்டு வருகின்றன. யுத்தம் நடந்த ஆண்டிலும் அது நிற்கவில்லை. அந்தப் பட்டியலில் அணைகள் இல்லை.